ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் யுகுலேலே: எந்த அளவு, எதைப் பார்த்து வாங்குவது?

புதுச்சுருதி:
மகளுக்கு யுகுலேலே (கிதார் மாதிரி நாலு கம்பியுள்ள சின்ன வாத்தியம்) வாங்கப் போகிறேன். ஆறு வயது, கை சின்னது. சொப்ரானோ, கான்செர்ட் என்று இரண்டு அளவு சொல்கிறார்கள். 17 அங்குலத்தில் "குழந்தைகளுக்கானது" என்று எழுதிய பெட்டியும் இருக்கிறது. எதை எடுப்பது? மரமா பிளாஸ்டிக்கா? அவளுக்கு இடது கைப் பழக்கம் வேறு. எனக்கு எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது, கடையில் நானே சோதித்துப் பார்க்கிற மாதிரி சொல்லுங்கள்.

நாலுகம்பி:
சொப்ரானோ எடுங்கள். மொத்த நீளம் 21 அங்குலம் சுமாருக்கு இருக்கும். அதில் அதிர்கிற கம்பி 13 முதல் 14 அங்குலம். கான்செர்ட் 23 அங்குலம், கம்பி 15. ஆறு வயது விரல்களுக்கு அந்த வித்தியாசமே பெரிது.

17 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது பொம்மை. கண்டுபிடிக்க வாசிக்கத் தெரிய வேண்டாம், ஓர் அங்குல டேப் போதும். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டைக்கு நட் என்று பெயர். கழுத்தின் குறுக்கே பதித்த மெல்லிய பட்டைகள் ஃப்ரெட்டுகள், நட்டிலிருந்து எண்ண வேண்டும். நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து பாருங்கள். பிறகு அந்த ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜின் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல் கம்பி தொடும் இடம் வரை. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இரண்டாவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடினால் பரவாயில்லை, அது வேண்டுமென்றே விடுவது. அரை சென்டிமீட்டர் தப்பினால் எந்த கார்டும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) சுருதியில் நிற்காது. குழந்தை சரியாகப் பிடித்தாலும் அபசுரம்தான் வரும், பாவம், தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது நட்டின் உயரம். மலிவான கருவிகளில் அதிகம் கெட்டிருப்பது இதுதான். முகத்துப் பக்கமிருந்து கம்பிகள் ஜி, சி, இ, ஏ. கிளிப் ட்யூனரை (சுருதியைக் காட்டும் சிறு கருவி) மாட்டி, கடைசிக் கம்பியை ஏ-க்குச் சேர்த்து, முதல் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ஏ-க்கு அடுத்த சுரமான ஏ ஷார்ப் (A#) என்று காட்டி முள் நடுவில் நின்றால் சரி. முள் வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. கம்பி உயரத்தில் நிற்பதால் அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. விரலும் வலிக்கும். பழுது பார்ப்பவர் அரம் போட்டால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும், ஆனால் அதற்கு ஆள் இல்லையென்றால் வேறொன்றை எடுங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

கழுத்தின் இரு ஓரங்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனை குத்தினால் வேண்டாம்.

மரவேலை:
குழந்தைக்கு ஒட்டுப்பலகைதான் நல்லது. முழுமரம் நன்றாக ஒலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 45-55 சதவீதத்தை விட்டு ரொம்ப இறங்கினால் விரிசல் விடும், ஆறு வயதில் அதையெல்லாம் யார் கவனிப்பது? பிளாஸ்டிக்கிலும் தரமானது உண்டு. கலா நிறுவனத்தின் வாட்டர்மேன் முழுக்க ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக், நனைந்தாலும் துடைத்துவிட்டு வாசிக்கலாம். ஒலி கொஞ்சம் மெலிவாக இருக்கும், அவ்வளவுதான். ஃப்ரெட்டும் பிளாஸ்டிக்காக இருந்தால் சி கம்பிக்கு உலோகம் சுற்றியதைப் போடாதீர்கள், ஃப்ரெட்டை அரித்துவிடும். நைலான் கம்பி யுகுலேலேயில் ஸ்டீல் கம்பி கூடவே கூடாது. நைலானுக்குச் செய்த பிரிட்ஜ் அந்த இழுவிசையில் பெயர்ந்து வந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலும் பசை இளகி இதே கதைதான்.

வலதிடது:
அளவு விஷயத்தில் நாலுகம்பி சொன்னது சரி, ஒன்பது பத்து வயதென்றால் நான் கான்செர்ட் சொல்வேன். இடது கைக்கு: முதலில் வழக்கமான முறையிலேயே பிடிக்கக் கொடுங்கள். கார்ட் பிடிப்பதும் நுணுக்கமான வேலைதான், அதைப் பழகிய கை செய்வதில் நஷ்டமில்லை. அவள் தானாகவே திருப்பித் திருப்பிப் பிடித்தால் கம்பி வரிசையை மாற்றுங்கள். ஜி-யும் ஏ-யும் ஏறக்குறைய ஒரே தடிமன், இடம் மாறினாலும் உட்காரும். சிக்கல் நடுவில் உள்ள சி, இ இரண்டில். தடித்த சி, இ-யின் பள்ளத்தில் இறங்காமல் மேலே நிற்கும். அந்தப் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும்.

புதுச்சுருதி:
நன்றி. டேப்பும் ட்யூனருமாகப் போய் ஒட்டுப்பலகை சொப்ரானோ வாங்கியாயிற்று. ராத்திரி சேர்த்த சுருதி காலையில் இறங்கிவிடுகிறது. ஜி கம்பியோ இறுகிக்கொண்டே போகிறது, ட்யூனர் ஜி என்று காட்டவே மாட்டேன் என்கிறது. பழுதா?

நாலுகம்பி:
ஜி-யை இனி முறுக்காதீர்கள், அறுந்துவிடும்! ட்யூனர் எழுத்தை மட்டும்தான் காட்டும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது. நீங்கள் சரியான ஜி-யைத் தாண்டி மேலே போயிருக்கலாம். நன்றாகத் தளர்த்திவிட்டு, மற்ற மூன்றையும் முதலில் சேருங்கள். இ கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் வருகிற சுரம்தான் உங்களுக்கு வேண்டிய ஜி. காதால் அதோடு ஒத்துப் பாருங்கள். அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் ஜி 392, சி 262, இ 330, ஏ 440 ஹெர்ட்ஸ். முகத்துக்கு அருகிலுள்ள ஜி, அடுத்த சி-யைவிட உயர்ந்த சுருதியில் இருப்பதுதான் வழக்கம், கிதாரை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

சுருதி இறங்குவது பழுதில்லை. புது நைலான் பல நாள் நீண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் 12ஆவது ஃப்ரெட் அருகே இரு விரலால் மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள், நாலைந்து தடவை. எப்போதும் சுருதிக்குக் கீழே இறக்கி அங்கிருந்து ஏற்றிச் சேருங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பல்சக்கரத்தில் உள்ள தளர்வு கம்பியை விட்டுக்கொடுத்துவிடும். வாசித்து முடித்ததும் கம்பியைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் வேண்டாம்.

வலதிடது:
முதல் கார்ட் சி: ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், மோதிர விரல், அவ்வளவுதான். அது பழகியபின் ஏ மைனர்: ஜி கம்பியில் இரண்டாவது ஃப்ரெட், நடு விரல். அந்த விரலை எடுக்காமல் இ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரலை வைத்தால் எஃப். கிர்ரென்று வந்தால் இன்னும் பலமாக அழுத்தச் சொல்லாதீர்கள், விரலை அந்த ஃப்ரெட் பட்டைக்கு ஒட்டினாற்போல், அதன் நட் பக்கத்தில் இருக்கும்படி நகர்த்தச் சொல்லுங்கள்.