தாத்தா வீட்டுக் குழு: திரைச்சீலைக்குப் பின்னால் சின்னவன்

சனிக்கிழமை, ஏப்ரல்

நான்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. சின்னவனுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. உச்சா வந்தால் தானாகவே பாத்ரூமுக்கு ஓடுகிறான். கக்கா என்றால் மட்டும் டயப்பர் கேட்கிறான். போட்டுவிட்டால் ஹால் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு முக்குகிறான். டாய்லெட்டில் பேபி சீட் போட்டு உட்கார வைத்தால் உடம்பை விறைத்துக்கொண்டு அலறல். ஜூனில் பிளே ஸ்கூல். டயப்பர் இல்லாமல்தான் அனுப்ப வேண்டுமாம்.

தம்பி: மறைவாகப் போகிறான் பார், மானமுள்ள பிள்ளை 😂

பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🌹🙏

அண்ணி: எங்கள் பெண்ணுக்கு ஸ்டிக்கர் ஆசை காட்டித்தான் பழக்கினேன். ஒரு தடவை போனால் ஒரு ஸ்டிக்கர்.

நான்: ஸ்டிக்கரும் பார்த்தாயிற்று அண்ணி. உச்சா போய்விட்டு ஸ்டிக்கரை வாங்கிக்கொள்கிறான். கக்காவுக்கு அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

ஆயா (குரல் பதிவு, தம்பி எழுதிப் போட்டது): உங்க அம்மாவை உட்காரத் தெரிஞ்ச நாள்லேருந்து கால்மேல வெச்சு ஸ்ஸ்னு சொன்னா போயிடுவா. அப்ப எங்க இருந்தது இந்த பேம்பர்ஸ்? பிள்ளைக்குச் செல்லம் ஜாஸ்தி. அவ்வளவுதான்.

அம்மா: ஆரம்பித்துவிட்டார்கள்.

சித்தி பெரம்பூர்: இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன். ஆளாளுக்குப் பேசும் முன்னால் எனக்குப் பதில் சொல். எத்தனை நாளைக்கு ஒரு முறை போகிறான்? இறுகிப் போகிறதா? வரும்போது காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நிற்கிறானா?

நான்: ஆமாம் சித்தி, நுனிக்காலில்தான் நிற்பான். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை. ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ரொம்ப இறுகி லேசாக ரத்தம்கூட வந்தது. அதற்கு முன்னால் சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தான்.

சித்தி பெரம்பூர்: அப்படிச் சொல். இதில் செல்லமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. அன்றைக்கு வலித்திருக்கிறது, வலிக்கும் என்று பயந்து அடக்குகிறான். நுனிக்காலில் நிற்பதைப் பார்த்தால் முக்குவது மாதிரி இருக்கும், பாதி நேரம் அது அடக்குவதுதான். அடக்க அடக்க உள்ளே தண்ணீர் உறிஞ்சப்பட்டு இன்னும் இறுகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும். ரொம்ப நாள் இப்படியே போனால் குடல் விரிந்து, வருகிற உணர்ச்சியே மங்கிவிடும். சில குழந்தைகளுக்கு இறுகினதைச் சுற்றித் தண்ணியாகக் கசிந்து ஜட்டியில் ஒட்டும். அம்மாக்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுப்பார்கள். வார்டில் அடிக்கடி பார்க்கிறேன்.

சித்தி பெரம்பூர்: அதனால் முதலில் மலம் இளக வேண்டும். சீட் அப்புறம். கொஞ்ச நாளைக்கு அந்த சீட்டைக் கண்ணில் காட்டாதே. டயப்பர் கேட்டால் முகம் சுளிக்காமல் போட்டுவிடு.

வீட்டுக்காரர்: சித்தி, ஜூனில் ஸ்கூல். இப்போது போய் டயப்பரா?

சித்தி பெரம்பூர்: டயப்பர் கொடுக்காவிட்டால் அடக்குவான் மாப்பிள்ளை. ஜூன், ஜூலை ஆகிவிடும்.

பெரியத்தை: வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைத்தால் உடனே வந்துவிடும். எத்தனை பிள்ளைக்கு நான் வைத்திருக்கிறேன்!

சித்தி பெரம்பூர்: அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில் வலி என்றுதான் அவன் பயப்படுகிறான். அங்கேயே காம்பை வைத்தால் நாளையிலிருந்து அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டான். சோப்புத் துண்டும் வேண்டாம்.

பெரியத்தை: 👍

(பெரியத்தைக்கு இந்தக் கட்டைவிரல் வந்தால் கோபம் என்று அர்த்தம். தனியாகப் போன் செய்தேன்.)

நான்: சாப்பாட்டில் என்ன மாற்றுவது சித்தி?

சித்தி பெரம்பூர்: பால் எவ்வளவு குடிக்கிறான்?

நான்: காலையில் ஒரு பாட்டில், மதியம் தூங்க ஒன்று, ராத்திரி ஒன்று. நடுவில் மாமியார் டம்ளரில் கொடுப்பார்.

சித்தி பெரம்பூர்: வயிறு முழுக்கப் பால் இருந்தால் சோறும் காயும் எங்கே போகும்? ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பாட்டிலையும் நிறுத்து. பப்பாளி, கொய்யா, ராத்திரி ஊறவைத்த உலர் திராட்சை, கீரை, அவரைக்காய். இந்த வெயிலில் வியர்த்தே பாதித் தண்ணீர் போய்விடும். கேட்கும் வரை காத்திருக்காமல் நீயாகவே தண்ணீர் கொடு. ரத்தம் வந்ததால் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடு. இளக்குகிற சிரப் எழுதித் தருவார். எடைக்குத் தகுந்த அளவு அவர் சொல்வதுதான். இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே, பயம் தெளியும் வரை கொடுக்க வேண்டியிருக்கும். வயிறு உப்பினாலோ வாந்தி எடுத்தாலோ நாள் பார்க்காமல் உடனே கூட்டிப் போ.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி: பெரியப்பா, பார்த்துவிட்டோம் 😂

நான்: ராத்திரியும் டயப்பர்தான் போடுகிறேன். அதையும் நிறுத்த வேண்டுமா?

சித்தி பெரம்பூர்: ராத்திரியை விட்டுவிடு. அது பழக்கத்தில் வருவதில்லை, உடம்பு முதிர வேண்டும். ஐந்து வயது வரை படுக்கையில் போனாலும் கவலைப்பட ஒன்றும் இல்லை.

சித்தி பெரம்பூர்: இன்னொன்று. வெஸ்டர்ன் டாய்லெட்தானே? கால் எங்கே இருக்கிறது?

நான்: தொங்கும்.

சித்தி பெரம்பூர்: காலைத் தொங்கவிட்டு நீ முக்கிப் பாரேன். பாதம் ஊன்ற வேண்டும், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். நம் ஊர் டாய்லெட்டில் குந்தும்போது வழி நேராகும், அதே கணக்கு. அயனாவரம் வீட்டில் ஒரு மணை இருக்கிறதே, அந்த உயரம் சரியாக இருக்கும்.

ஆயா (குரல் பதிவு, தம்பி எழுதிப் போட்டது): எது? உங்க தாத்தா சாப்பிட உட்கார்ந்த மணையையா? அதைக் கொண்டுபோய்க் கக்கூஸ்ல போடுவியா? நல்லா இருக்குடி உன் நர்ஸ் படிப்பு!

அம்மா: யாரும் மணையைத் தொடவில்லை. குளிக்கிற பிளாஸ்டிக் முக்காலி போதும். வரும்போது புரசைவாக்கத்தில் வாங்கி வருகிறேன்.

வீட்டுக்காரர்: அத்தை, வழுக்காத அடிப்பாகம் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை

நான்: சித்தி, டாக்டர் சிரப் கொடுத்தார். ரத்தம் வந்த இடத்தில் இருந்த வெடிப்பு ஆறிவிட்டதாம். இப்போது பெரும்பாலும் தினமும் போகிறான், அழுகை இல்லை. ஆனால் டயப்பரில்தான், திரைச்சீலைக்குப் பின்னால்தான். சீட்டை வெளியே எடுக்கட்டுமா?

சித்தி பெரம்பூர்: அவசரப்படாதே. டயப்பரோடு நிற்கட்டும், ஆனால் நிற்கிற இடம் பாத்ரூமாக இருக்கட்டும். அதற்கு ஒப்புக்கொண்டால், டயப்பரோடேயே சீட்டில் உட்காரட்டும், முக்காலியில் கால் வைத்து. காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் உட்கார வை. வயிற்றில் சாப்பாடு விழுந்தால் குடல் தானாக அசையும். ஐந்து நிமிடம் போதும், வராவிட்டால் இறங்கிவிடட்டும். கதை சொல்லு, போன் கொடுக்காதே.

நான்: பாத்ரூமில் நிற்கத் தயார். நேற்று டிரெய்னர் மாமா மாதிரி முக்காலியில் ஏறி நின்றுகொண்டு எல்லோருக்கும் டிக்கெட் கேட்டான்.

தம்பி: டிரெய்னர் மாமாவா, டிடிஆர் மாமாவா?

நான்: டிடிஆர். இந்தப் போன் தானாகத் திருத்துகிறது.

வீட்டுக்காரர்: டயப்பரோடு சீட்டில் உட்கார்ந்த பிறகு? வாழ்நாள் முழுக்க டயப்பர் போட்டுக்கொண்டேவா டாய்லெட்டில் உட்காருவான்?

சித்தி பெரம்பூர்: அதற்கு அப்புறம் டயப்பரில் அடியில் ஒரு ஓட்டை வெட்ட வேண்டும். முதலில் சின்னதாக. மாட்டியிருப்பது டயப்பர் என்பதால் பயம் இருக்காது, விழுவது டாய்லெட்டில். ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினால் கடைசியில் இடுப்புப் பட்டைதான் மிஞ்சும். அதை அவனே கழற்றிவிடுவான்.

வீட்டுக்காரர்: ஓட்டையா? விளையாடுகிறீர்களா சித்தி?

சித்தி பெரம்பூர்: கத்தரிக்கோலை எடுத்து வையுங்கள் மாப்பிள்ளை. குழந்தைக்கு மாட்டுவதற்கு முன்னால் வெட்ட வேண்டும், மாட்டிவிட்டு இல்லை.

நான்: ஸ்கூலுக்கு என்ன சொல்வது?

சித்தி பெரம்பூர்: உள்ளதைச் சொல். உச்சா சொல்லத் தெரியும், கக்கா காலையிலேயே வீட்டில் முடிந்துவிடும் என்று. மாற்றுத் துணி இரண்டு செட் பையில் வை. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு மாதம் தள்ளிச் சேர்.

பெரியத்தை: நான் வருகிறபோது கீரை கொண்டு வருகிறேன். காம்பு இல்லாமல் 😄