சிறப்புப் பதிப்புச் செடான் அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றதா?

கேள்வி:
நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பாதி நெரிசலான நகரச் சாலை, மீதி விரைவுச் சாலை. வார இறுதியில் மனைவி, மகள், என் பெற்றோர் ஆகியோரும் உடன் வருவார்கள். குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த சிறப்புப் பதிப்பான பி.எம்.டபிள்யூ எம்5 சி.எஸ் ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்க நெடுநாளாக விரும்புகிறேன். வழக்கமான எம்5 காம்பெட்டிஷனைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அன்றாட ஓட்டத்தில் பலன் தெரியுமா?

பதில் 1:
முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: எம்5 சி.எஸ்ஸின் பின்பகுதியில் இரண்டு தனி இருக்கைகளே உள்ளன. நீங்கள் ஐந்து பேர்.

திறனைப் பொறுத்தவரை, காம்பெட்டிஷனுக்கு 625 குதிரைத்திறன், சி.எஸ்ஸுக்கு 635, இந்த வேறுபாட்டை நெரிசலில் எவராலும் உணர முடியாது. கூடுதல் பணம் உண்மையில் ஏறத்தாழ 70 கிலோ எடைக் குறைப்புக்கும், கார்பன் இழை இருக்கைகளுக்கும், கார்பன் செராமிக் பிரேக்குகளுக்கும், பந்தயத் தளத்தை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுத்த டயர்களுக்குமே போகிறது. அத்தகைய டயர்கள் சூடேறிய பின்னரே முழுப் பிடிப்பைத் தருகின்றன. குளிர்ந்த காலையில் குறுகிய தூரம் ஓடும்போது அந்தச் சூடு வருவதில்லை, தேங்கிய நீரிலோ அவற்றின் ஆழமற்ற பள்ளங்கள் நீரை வெளியேற்றத் திணறும். சாதாரண டயர்களை மாட்டலாம், ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய தன்மையில் ஒரு பங்கு அதோடு போய்விடும். செராமிக் பிரேக் தட்டுகள் சாலை ஓட்டத்தில் நெடுங்காலம் உழைக்கும், சக்கரங்களில் கரித்தூளும் படியாது. ஆயினும் சக்கரத்தைக் கழற்றும்போது தட்டின் விளிம்பு உடைந்தால் மாற்றும் செலவு மிகப் பெரியது.

பதில் 2:
மேற்கண்ட கருத்தில் பெரும்பகுதி சரியே, ஆனால் சிறப்புப் பதிப்பு என்றாலே முரட்டு ஓட்டம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. எம்5 சி.எஸ்ஸில் அதே நிறுவனத்தின் எம்8 கிரான் கூபே காருக்காக உருவான அதிர்வுத்தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. மேடுபள்ளங்களை அது தாங்கிச் செல்லும் பக்குவத்தைப் பல சோதனை ஓட்டுநர்கள் பாராட்டியுள்ளனர். மறுபுறம் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஜி.டி.ஏ.எம்மைப் பாருங்கள்: 540 குதிரைத்திறன் கொண்ட அந்த நான்கு கதவுக் காரில் பின்னிருக்கையே கிடையாது, அதன் இடத்தில் பாதுகாப்புக் கம்பிச் சட்டம் நிற்கிறது. ஆகவே பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்ற பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்.

பதில் 3:
இத்தகைய கார் ஒன்றை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். ஓட்டம் அருமையானது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அரிய காரின் மறுவிற்பனை மதிப்பு பெரிதும் ஓடிய தூரத்தைப் பொறுத்தது என்பதால், கடைக்குப் போகக்கூட அதை எடுக்கத் தயங்கினேன். வேகத்தடையில் உரசி முன்பக்க பம்பரின் அடியில் நீண்டிருக்கும் கார்பன் விளிம்பு உடைந்தபோது, மாற்றுப் பாகம் வர மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. ஓட்டுவதற்காக வாங்கிய காரை உறைபோட்டு மூடி வைத்திருப்பது மனத்தை உறுத்தியதால் விற்றுவிட்டேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இருக்கை எண்ணிக்கையை நான் கவனிக்கவே இல்லை. அடுத்த வாரம் பெற்றோரையும் அழைத்துச் சென்று காம்பெட்டிஷனை ஓட்டிப் பார்க்கிறேன். அப்பாவின் முழங்கால் அதில் ஏறி இறங்க இடம் கொடுக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுகிறேன்.