‘இங்கிலீஷ் டீச்சர்’: அழுத்தம் எந்தச் சொல்லில்?

சொல்லாய்வன்: எழுத்தில் இருபொருள்படும் எந்த ஆங்கிலத் தொடரும் வாயால் சொன்னால் தெளிந்துவிடும் என்று வகுப்பறைவாசி நேற்று அடித்துச் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ‘விசிட்டிங் ரெலட்டிவ்ஸ் கேன் பி போரிங்’ என்பதை எப்படி நிறுத்திச் சொன்னாலும், உறவினரைப் பார்க்கப் போவது சலிப்பா, பார்க்க வரும் உறவினர் சலிப்பா என்பது காதுக்குப் பிடிபடாது.

வகுப்பறைவாசி: நான் காட்டியது ‘இங்கிலீஷ் டீச்சர்’. முதற்சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர். இரண்டாம் சொல்லை அழுத்தினால் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர். ‘க்ரீன்ஹவுஸ்’ என்பதில் அழுத்தம் முன்னால் விழுந்தால் செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடம், பின்னால் விழுந்தால் பச்சை நிற வீடு. இருபத்திரண்டு ஆண்டுகள் இதைக் கற்பித்தவன் நான்.

சொல்லாய்வன்: கற்பித்த ஆண்டுகள் சான்றாகா. ‘அவர் இங்கிலீஷ் டீச்சர், ஃப்ரெஞ்ச் டீச்சர் அல்ல’ என்று ஆங்கிலத்தில் ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை நினைத்துச் சொன்னாலும் நாட்டை நினைத்துச் சொன்னாலும், ஒன்றை மறுத்து மற்றொன்றைச் சொல்வதால் அழுத்தம் முதற்சொல்லில்தான் விழும். உங்கள் விதி அங்கேயே உடைகிறது.

வகுப்பறைவாசி: அது விதிவிலக்கு. முதற்சொல்லில் அழுத்தம் என்றால் பாடம்தான். தமிழில் அழுத்தம் சொற்பொருளைப் பிரிப்பதில்லை. அதனால் உங்கள் காதுக்கு இது பழகவில்லை.

சொல்லாய்வன்: என் காதைப் பற்றிப் பேச உங்களுக்கு யார் உரிமை தந்தது? சென்ற மாதம் சந்தி பற்றிய விவாதத்திலும் விடை சொல்ல முடியாத இடத்தில் இப்படித்தான் ஆளைப் பழித்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

செவிநுட்பம்: இருவரும் சற்றுப் பொறுங்கள். உளவியல் ஆய்வாளர்களான ஸ்னெடெக்கரும் ட்ரூஸ்வெலும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ‘டேப் தி ஃப்ராக் வித் தி ஃப்ளவர்’ என்று சொல்ல வைத்தார்கள். பூவால் தவளையைத் தட்டு என்றும், பூ வைத்திருக்கும் தவளையைத் தட்டு என்றும் அது பொருள்படும். தன் தொடர் குழப்பும் என்று உணர்ந்தபோதுதான் சொல்பவர் குரலில் வேறுபாடு காட்டினார்.

வகுப்பறைவாசி: குரலால் தெளிவுபடுத்த முடியும் என்பதைத்தானே அது காட்டுகிறது?

சொல்லாய்வன்: உணராதபோது குரல் உதவவில்லை என்பதையும் அதுவே காட்டுகிறது. ஒலியியல் அறிஞர் லெஹிஸ்டே 1973இலேயே, சொற்கள் சேரும் விதத்தால் வரும் குழப்பத்தைக் குரல் தீர்க்கும், அமைப்பு ஒன்றாகவே இருக்கையில் வரும் குழப்பத்தைத் தீர்ப்பது அரிது என்று கண்டார். ‘ஃப்ரெஞ்ச் டீச்சர் அல்ல’ என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

வகுப்பறைவாசி: விடை முன்பே சொல்லிவிட்டேன். முதற்சொல்லை அழுத்தினால் அவர் ஆங்கிலப் பாடம் நடத்துபவர்.