கேஜன் பாட்டை (அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துப் பிரெஞ்சு நாட்டுப்பாட்டு) நேர்ல கேட்டவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பேட்டன்ரூஜ்வாசி:
லூசியானாவுல மாமூ ஊர் ஃப்ரெட்ஸ் லவுஞ்ச்ங்கிற பாருக்குப் போனவங்களுக்கு நான் விளக்க வேணாம். சனிக்கிழமை காலை, கால் வைக்க இடமில்ல, பேண்டைச் சுத்திக் கயிறு, கயிறைச் சுத்தி ஜோடி ஜோடியா வால்ட்ஸ் நடனம். பக்கத்துல ஒரு தாத்தா, எண்பது தாண்டியிருக்கும், ஒரு வரி விடாம கூடவே பாடினார். அர்த்தம் கேட்டேன். இங்கிலீஷ்ல சொல்ல ஆரம்பிச்சார். அவர் பொண்ணும் குனிஞ்சு கேட்டாங்க, அவங்களுக்கும் அது தெரியாதாம். "எங்களுக்கு ஏம்ப்பா பிரெஞ்சு சொல்லித் தரல?"ன்னாங்க. தாத்தா பேசல. பேனா பிடிக்கிற மாதிரி விரலைக் குவிச்சு, மேசை மேல ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக் காட்டினார். 'இனி பிரெஞ்சு பேச மாட்டேன்.' சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல கிடைச்ச தண்டனை. 1921 லூசியானா அரசியல் சட்டம் பாடம் நடத்த இங்கிலீஷ் மட்டும்னு ஆக்கினதோட விளைவு. அந்த விரல் இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

வயலின்பித்தன்:
அண்ணா, எனக்கு யூனிஸ் ஊர்ல, மார்க் சவாய் 1966ல திறந்த கடையில. அக்கார்டியன் செய்யற இடம், சனிக்கிழமை காலையில யார் வேணா உக்காந்து வாசிக்கலாம். ஒரு அம்மா முக்கோணக் கம்பியை என் கையில கொடுத்துட்டாங்க. வைக்கோல் வாருற கருவியோட பல்லை வளைச்சுச் செஞ்சது. பொத்தினா 'டிக்', விட்டா 'ணிங்'. நான் தாளம் பிந்தினேன், அத்தனை ஃபிடிலும் (வயலின்தான்) தடுமாறுச்சு. ஒருத்தரும் முறைக்கல. அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சு, தன் கால் தட்டுக்குச் சேர்த்து ஆட்டினாங்க. பாட்டு முடியற வரைக்கும் விடல. 1755ல நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலேத்தித் துரத்தப்பட்ட பிரெஞ்சு பேசற சனம், கேஜன்களோட முன்னோர், தனியா நின்னு காப்பாத்தின சொத்து இது.

தெற்குக்காற்று:
தம்பி, "தனியா நின்னு"ன்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அமெடே ஆர்ட்வான் இல்லாம கேஜன் அக்கார்டியன் ஏது? கறுப்பின கிரியோல், அதாவது லூசியானாவுல பிரெஞ்சு பேசற கறுப்பின மக்கள்ல ஒருத்தர். 1929ல டென்னிஸ் மெகீங்கிற வெள்ளைக்கார ஃபிடில்காரரோட ரெக்கார்டு பண்ணார். ஒரு நடன வீட்டுல வெள்ளைக்காரப் பொண்ணு வேர்வை துடைக்கக் கைக்குட்டை கொடுத்ததுக்காக அவரை அடிச்சு நொறுக்கினாங்கன்னு அந்த ஊர்ல சொல்வாங்க. 1942ல பைன்வில் மனநல மருத்துவமனையில இறந்தார். ஓபலூசஸ் பெட்ரோல் பங்குல அவர் பாட்டை போன்ல போட்டிருந்தேன். பக்கத்து வண்டியிலிருந்து ஒரு கிரியோல் பெரியவர் இறங்கி வந்து, என் கார் ஜன்னல்ல கை வச்சு, பாட்டு முடியுற வரைக்கும் தலை குனிஞ்சு நின்னார். ஒரு வார்த்தை பேசல. இந்த இசையோட வரலாறு எழுதும்போது தயவுசெஞ்சு அவரை விட்டுடாதீங்க.

பொத்தான்பெட்டி:
நான் லஃபயேட் விழாவுல ஒரு தடவை கேட்டதோட சரி, அன்னைக்கே அக்கார்டியன் வாங்கிட்டேன். கத்துக்க நினைக்கிறவங்களுக்கு: பத்துப் பொத்தான், ஒரே வரிசை, ஸி சுருதி அக்கார்டியனே வாங்குங்க. ஆர்மோனியம் பழகின கைக்கு முதல் மாசம் குழப்பமா இருக்கும், ஏன்னா ஒரே பொத்தான்ல துருத்தியை அழுத்தினா ஒரு சுரம், இழுத்தா வேற சுரம். இழுக்கறதுலயும் அழுத்தறதுலயும்தான் தாளமே இருக்கு. நோட்டு எழுதி வச்சுப் படிக்காதீங்க, காதால பிடிங்க. டூ-ஸ்டெப்ங்கிற வேக நடனப் பாட்டுக்கு ஆசைப்படாம முதல்ல ஒரு வால்ட்ஸ். 1964ல நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுக்குப் போன கேஜன் ஃபிடில்காரர் டூயி பால்ஃபா ஊருக்குத் திரும்பி, பள்ளிப் பிள்ளைங்க முன்னாடியே போய் வாசிச்சார். ஃபிடில்னா அவர் வாசிச்ச பதிவைக் கேளுங்க. முக்கியமா, வயசானவங்க பாடினா அனுமதி கேட்டு உடனே பதிவு பண்ணுங்க. பேட்டன்ரூஜ் அண்ணா, அந்தத் தாத்தா பாடினது எந்தப் பாட்டு?

பேட்டன்ரூஜ்வாசி:
பேர் கேக்கல தம்பி. பொண்ணு ஒரு நாப்கின்ல அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க. ரெண்டாவது சரணம் வரைக்கும் எழுதினதைப் பார்த்தேன்.