ஏரிக்கரையில் இனி ஓட்டல் வேண்டுமா, வேண்டாமா?

கரைவாசி:
ஏரியை நம்பிப் பிழைக்கும் சுற்றுலா ஊர்களில் கரையோரமாகப் புது ஓட்டலுக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆறு என்றால் அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும். ஏரியில் விழுந்தது ஏரியிலேயே கிடக்கும். குவாதமாலாவின் அதித்லான் ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறே கிடையாது. 2009-இல் அங்கே நீலப்பச்சைப் பாசி பெருகி, தண்ணீர்மேல் திட்டுத்திட்டாகப் படர்ந்துவிட்டது. அதைப் பார்க்க யார் அறை போடுவார்கள்?

வரவுசெலவு:
பாசிக்கு ஓட்டல்தான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? சுற்றுப்பட்டு ஊர்களின் சாக்கடை, வயல் உரம் எல்லாம் எங்கே போகிறதாம்? சீனாவின் அர்ஹாய் ஏரியைப் பாருங்கள். 2017-இல் கரையோர விடுதிகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் கூண்டோடு மூடினார்கள். மறு வருஷமே ஏரியைச் சுற்றிப் பூண்டு பயிரிடவும் தடை வந்தது, பூண்டுக்கு அவ்வளவு உரம் போகிறது என்பதால். விடுதியை மூடியதே போதும் என்றால் பூண்டை ஏன் தொடுவானேன்?

கரைவாசி:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே. அதே 2018-இல் அங்கே 1,806 குடும்பங்களைக் கரையிலிருந்து கிளப்பினார்கள். கடன் வாங்கி விடுதி கட்டியவர்கள் கதி? முதலிலேயே 'கிடையாது' என்று சொல்லியிருந்தால் அந்த வயிற்றெரிச்சலே இருந்திருக்காது.

பாசிபிடித்தவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், சாக்கடையிலும் உரத்திலும் இருந்து வந்து பாசிக்குத் தீனியாகும் பாஸ்பரஸ் பற்றி இருவரும் பேசவே இல்லை. கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226-ஆம் எண் ஏரியை 1973-இல் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது. 'எங்களிடம் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது' என்று ஓட்டல்காரர் மார்தட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எஸ்டிபி நாற்றத்தையும் கலங்கலையும் போக்கும், பாஸ்பரஸில் பெரும்பகுதி தப்பித்துவிடும். அதைப் பிடிக்கப் படிகாரமோ இரும்பு உப்போ போட்டுத் தனியாக வண்டலாக்க வேண்டும். மருந்துச் செலவு ஒரு பக்கம், சேரும் கசடை அள்ளும் செலவு இன்னொரு பக்கம். (கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் மோட்டாரை அணைக்கும் மேனேஜர்களைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.)

வரவுசெலவு:
நல்ல தகவல், நன்றி. அப்படியானால் சுத்திகரித்த தண்ணீரைக்கூட ஏரிக்குள் விடாதீர்கள், அவ்வளவுதானே? பிரான்சின் அன்னெசி ஏரியில் 1957-இல் கரையோர ஊராட்சிகள் ஒன்றுகூடின, பிறகு ஏரியைச் சுற்றிக் குழாய் பதித்துக் கழிவுநீரை அப்பால் கொண்டுபோயின. அமெரிக்காவில் வாஷிங்டன் ஏரிக்குள் விழுந்த கழிவுநீரை 1963-க்கும் 1968-க்கும் இடையே திருப்பிவிட்டார்கள். சில வருஷத்திலேயே தண்ணீர் தெளிந்தது. யாரும் ஊரைக் காலி செய்யவில்லை. குழாய்க்கு அறை வாடகையில் வரி போடுங்கள். அந்த வரியைக் கட்ட ஓட்டல் வேண்டுமே!

கரைவாசி:
அதே அமெரிக்காவின் டாஹோ ஏரியிலும் கழிவுநீரை வெளியேற்றத்தான் செய்கிறார்கள். ஆனாலும், தண்ணீரின் தெளிவை அளக்க இறக்கும் வெள்ளைத் தட்டு, 1968-இல் சுமார் 31 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது 20 மீட்டர் வாக்கிலேயே மறைந்துவிடுகிறது. முக்கியக் காரணம், சாலையிலும் கட்டடப் பகுதிகளிலும் இருந்து மழை அடித்துவரும் நுண்மண். உங்கள் குழாய் கழிப்பறையோடு முடிகிறது. பார்க்கிங் தரையில் விழுந்த மழைக்கு எந்தக் குழாய்?

வரவுசெலவு:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் தடை வந்தால் முதலில் வெடி வெடிப்பவர் பழைய ஓட்டல்காரர்தான். போட்டி ஒழிந்தது, வாடகையை ஏற்றலாம், அவருடைய முப்பது வருஷத்து செப்டிக் டேங்க் கரையோரம் கசிந்துகொண்டே இருக்கும். அதை யார் தொடுவார்கள்?

கரைவாசி:
இது சரியான அடி. நான் யோசிக்காத இடம். அப்படியானால் இப்படி வைத்துக்கொள்வோம்: புது ஓட்டல் கட்ட வருகிறவர், தன் செலவில் இரண்டு பழைய செப்டிக் டேங்குகளை மூடி அவற்றைக் குழாயில் சேர்த்துக் காட்டட்டும், கரையிலிருந்து தள்ளியும் கட்டட்டும். சம்மதமா?

வரவுசெலவு:
இரண்டா? அநியாயம் சார். ஒன்று என்றால் பேசலாம்.