பழைய ஹோபி 16: காற்றுக்குக் குறுக்கே திரும்ப மாட்டேங்குது, உதவி வேணும்

கேட்டவர்:
வணக்கம். நானும் தம்பியும் சேர்ந்து பழைய ஹோபி 16 (இரட்டை ஹல், அதாவது இரண்டு உடல் கொண்ட சின்னப் பாய்மரப் படகு) ஒன்று வாங்கினோம். விற்றவர் கயிறு, கம்பி, கொக்கி எல்லாத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "மாட்டினா ஓடும்" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார். படம் பார்த்துப் பார்த்து மாட்டினோம். ஓடவும் ஓடியது. திரும்பத்தான் இல்லை.

மிதமான காற்றுதான். டேக் அடிக்க, அதாவது மூக்கைக் காற்றின் வழியாக மறுபக்கம் கொண்டுபோக, சுக்கானைத் திருப்பினால் மூக்கு நேராகக் காற்றைப் பார்த்து நிற்கும், பாய் படபடவென்று அடிக்கும், படகு மெதுவாகப் பின்னால் நகரும், கடைசியில் கிளம்பிய பக்கமே விழும். பத்து தடவையில் ஒரு தடவை திரும்பினால் பெரிய விஷயம். டில்லரும் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) பயங்கர கனம். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது.

இன்னும் மூன்று சந்தேகம். கரைக்கு வந்தபின் பெரிய பாய் கீழே இறங்கவே இல்லை. ஓடும்போது முன்கம்பி (பாய்மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் கம்பி) தொளதொளவென்று ஆடுகிறது, சரியா? இடது ஹல்லில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருந்தது, அது எங்கிருந்து வருகிறது?

பதில் 1:
டேக், கனம் ரெண்டும் ஒரே நோயா இருக்கலாம். சுக்கான் இறக்கும்போது ரெண்டு பக்கமும் "டக்"னு பூட்டுற சத்தம் கேட்குதா? ஓடும்போது ஒருத்தர் பின்னாடி குனிஞ்சு பாருங்க. சுக்கான் தகடு நேரா கீழே நிக்குதா, இல்ல வால் மாதிரி பின்னால நீண்டிருக்கா? பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

கேட்டவர்:
பார்த்தோம் அண்ணா. வலது சரியாக நிற்கிறது. இடதின் நுனி ஒரு சாண் பின்னால் போய்விட்டது! கரையில் "டக்" கேட்ட மாதிரிதான் இருந்தது, ஆனால் தண்ணீர் தள்ளியதும் மெல்ல எழும்பிவிடுகிறது.

பதில் 1:
அதேதான். தகடு பின்னால சாய்ஞ்சா தண்ணியோட அழுத்தம் அச்சுக்கு ரொம்பப் பின்னால விழும். அதைத்தான் உங்க தோள் தாங்கிட்டு இருந்திருக்கு. திருப்பும்போது சுக்கான் திருப்புறதை விட பிரேக் போடுறதுதான் அதிகம்.

அந்தப் பூட்டைக் கழற்றுங்க. உள்ளே கேம்னு ஒரு சின்னத் துண்டும், ஸ்பிரிங் தள்ளுற ஒரு முளையும் இருக்கும். மணல் பிடிச்சிருக்கும், பெட் கட்டுறேன். நல்ல தண்ணியில அலசுங்க. கிரீஸ் மட்டும் போட்டுடாதீங்க, அடுத்த தடவை கரை தட்டினதும் மணலை அப்படியே ஒட்டி வச்சுக்கும். கேம் தேஞ்சிருந்தா மாத்திடுங்க, ஸ்பிரிங் தளர்ந்திருந்தா திருகை இறுக்குங்க. அப்புறம் கரையிலேயே தகட்டோட நுனியைப் பிடிச்சுப் பின்னால இழுத்துப் பாருங்க. நல்லா பலம் போட்டாத்தான் விடணும். ஒரேயடியாவும் இறுக்காதீங்க, பாறையில இடிச்சா அது எழும்பித்தான் ஆகணும், இல்லன்னா படகோட பின்பக்கம் பிஞ்சிடும்.

மாட்டினதும் ரெண்டு தகட்டுக்கும் நடுவுல முன் விளிம்புக்கு முன் விளிம்பு, பின் விளிம்புக்குப் பின் விளிம்பு அளந்து பாருங்க. சமமா இல்லன்னா ரெண்டு சுக்கானையும் சேர்க்கிற குறுக்குக் கம்பியோட முனையில சரிபண்ணலாம்.

இப்போ டேக். ஒற்றை ஹல் படகு பழகினவங்க எல்லாரும் இங்கதான் மாட்டுவாங்க. அதுல கனம் இருக்கு, வேகம் கொஞ்ச நேரம் நிக்கும். இது 145 கிலோதான். சுக்கானை வெடுக்குனு ஒடிச்சீங்கன்னா அந்த இடத்துலயே நின்னுடும். முதல்ல வேகம் எடுங்க. காற்றோட ஒட்டி ஊர்ந்துட்டே வந்து திருப்பாதீங்க, இதுல டாகர்போர்டும் (பக்கவாட்டுல வழுக்காம இருக்க அடியில இறக்குற பலகை) கிடையாது, வேகம் இல்லன்னா பக்கவாட்டுல வழுக்கும். மெயின் ஷீட்டை (பெரிய பாயை இழுக்குற கயிறு) நல்லா இழுத்து வச்சுக்கிட்டு, டில்லரை மெதுவா ஆரம்பிச்சு விடாம தள்ளுங்க. மூக்கு காற்றைத் தாண்டுற அந்த நொடியில ரெண்டு விஷயம் நடக்கணும். தம்பி ஜிப்பை (முன்னால இருக்குற சின்னப் பாய்) அவிழ்க்கக்கூடாது, அது பழைய பக்கமே கிடந்து காற்றை வாங்கி மூக்கைத் தள்ளட்டும். நீங்க மெயின் ஷீட்டை இரண்டு அடி விட்டுடணும். விடலன்னா பெரிய பாய் காற்றாடி வால் மாதிரி படகை மறுபடி காற்றுக்கே திருப்பும். மூக்கு நல்லா விழுந்து, பேட்டன்கள் (பாய்க்குள்ள இருக்குற பட்டைக் குச்சிகள்) "பட் பட்"னு மறுபக்கம் வளைஞ்ச பிறகுதான் ஜிப்பை மாத்தி, மெயினை இழுக்கணும்.

அப்படியும் மாட்டிக்கிட்டா பதறாதீங்க. படகு பின்னால போகும்போது சுக்கானோட வேலையும் தலைகீழ். மூக்கு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே டில்லரைத் தள்ளிப் பிடிங்க, மெயினைத் தளர்த்துங்க, ஜிப்பை எதிர்ப்பக்கம் கையாலயே பிடிங்க. திரும்பிடும்.

பதில் 2:
முன்கம்பி பற்றி: பயப்பட வேண்டாம். இந்தப் படகில் ஜிப்பின் முன்விளிம்புக்குள்ளேயே கம்பி ஓடுகிறது. ஜிப்பை ஏற்றி இறுக்கியதும் பாய்மரத்தைத் தாங்குவது அதுதான், முன்கம்பி சும்மா தொங்கும். ஆனால் ஜிப்பை இறக்கும் நேரத்தில் மரம் நிற்பது முன்கம்பியால், அதனால் அதன் ஊசியையும் வளையத்தையும் அலட்சியமாக விடாதீர்கள். எல்லாக் கம்பியையும் ஒரு துணியால் தடவிப் பாருங்கள். ஓர் இழை குத்தி நூல் மாட்டினாலும் அந்தக் கம்பி குப்பைக்கு.

பாய் இறங்காததற்குக் காரணம் மர உச்சியில் உள்ள கொக்கி. கயிறு அங்கே பூட்டிக்கொள்ளும். கீழே இழுத்தால் இன்னும் பிடிக்கும். முதலில் உச்சி வரை மறுபடி ஏற்றி, பூட்டை விடுவித்து, பிறகு இறக்குங்கள். முடியவில்லையா? யாரும் மரத்தில் ஏற வேண்டாம், படகையே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

மரத்தை நிமிர்த்தும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். எட்டு மீட்டர் அலுமினியம் அது. படகை இழுத்துக்கொண்டு போகும் வழியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பதில் 3:
தண்ணீருக்கு: ஹல்லில் தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பைக் கழற்றி, அந்தத் துளை வழியாக வாயால் காற்றை ஊதுங்கள். கம்பிரசர் கூடாது, ஹல் பிளந்துவிடும். வெளியே சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். அடைப்பின் வாஷர், சுக்கான் பொருத்திய திருகுகள், மேல்தட்டும் கீழ்ப்பகுதியும் சேரும் விளிம்பு, இந்த வரிசையில் பாருங்கள். கையோடு கையாக மேல்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். அமுங்கினால் அது வேறு கதை, தனியாக எழுதுங்கள்.

கவிழ்ந்தால் நிமிர்த்த இருவர் எடையும் சேர்ந்து போதுமா? 135 கிலோவாவது வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் மரம் அடியில் குத்திவிடும், கொஞ்சம் ஆழத்தில், பலமாக அடிக்காத காற்றில் ஒரு தடவை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். ஷீட் இரண்டையும் அவிழ்த்து, மூக்கைக் காற்றுக்குத் திருப்பிய பிறகு படகை இழுத்து நிமிர்த்துங்கள்.

கேட்டவர்:
கேம் உள்ளே அரைக் கரண்டி மணல்! சுத்தம் செய்து, திருகை முக்கால் சுற்று இறுக்கினோம். இன்று பதினோரு டேக் அடித்து ஒன்பது திரும்பியது. தவறிய இரண்டிலும் தம்பி ஜிப்பை முன்னாடியே அவிழ்த்துவிட்டான், இல்லை என்கிறான். டில்லரை இப்போது இரண்டு விரலால் பிடிக்க முடிகிறது.

குமிழ் வந்தது அடைப்பின் வாஷரிலிருந்துதான். எங்கள் எடை சேர்ந்து 124 கிலோ. கவிழ்த்துப் பழக மூன்றாவது ஆள் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.