45 நாள் சட்டம்: பாக்கி வைத்த கம்பெனியிடம் இப்போதே கேட்பதா, ஏப்ரல் வரை பொறுப்பதா?

வியாசர்பாடி பட்டறை:

வணக்கம். எருக்கஞ்சேரி ஹைரோடு பக்கம் சின்னதாக லேத், மில்லிங் பட்டறை வைத்திருக்கிறேன். உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) 2021-லிருந்தே இருக்கிறது, குறுந்தொழில் பிரிவு. பெரும்பாலும் ஜாப் வொர்க்தான். மெட்டீரியல் கம்பெனியுடையது, நாம் கடைந்து துளை போட்டுத் திருப்பி அனுப்புவோம். ஒரு கம்பெனி, 2025 செப்டம்பர் 25-ம் தேதி போட்ட பில்லிலிருந்து ஜனவரி பில் வரை ஒரு பைசா தரவில்லை. கூலி 5 லட்சம், வரியோடு 5.9 லட்சம்.

எனக்கு எரிச்சலே அந்த வரியில்தான். செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்தது என்று ஊரெல்லாம் ஒரே கொண்டாட்டம், நம்ம இன்ஜினியரிங் ஜாப் வொர்க் மட்டும் 12-லிருந்து 18-க்கு ஏறிப்போனது. கம்பெனிக்கு அது கிரெடிட், அவர்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வார்கள், வலிக்காது. எனக்கு? பழைய கணக்கில் 60,000 கட்டியிருப்பேன், இப்போது வராத பணத்துக்காக 90,000 கட்ட வேண்டியிருக்கிறது. கழித்துக்கொள்ள எனக்கு உள்ளே வரும் கிரெடிட்டும் பெரிதாகக் கிடையாது, கூலியும் கரண்டும்தானே செலவு. கொஞ்சம் பணம் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன்.

45 நாளில் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்டால் ஆர்டரை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். ஏப்ரலில் கம்பெனியின் புது பட்ஜெட் வந்ததும் தருகிறோம் என்று பர்ச்சேஸ் மேனேஜர் சொல்கிறார். பொறுக்கலாமா?

தண்டையார்பேட்டை கணக்கு:

சார், பொறுக்கவே வேண்டாம். மார்ச் 31 வரைதான் அவர்களுக்குச் சூடு, ஏப்ரல் 1-ல் ஆறிவிடும்.

வருமான வரிச் சட்டத்தில் 43பி-யில் (எச்) என்று ஒரு உட்பிரிவு 2023 நிதிச் சட்டத்தில் வந்தது, 2023-24 கணக்கு வருடத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31 தாண்டினால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. எந்த வருடம் உண்மையில் பணம் தருகிறார்களோ அந்த வருடத்தில்தான் கழிக்கலாம். கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டி பாக்கியை ரிட்டர்ன் போடும் தேதிக்குள் கட்டினால் போதும் என்று ஒரு சலுகை இருக்கிறதே, அது இதற்குக் கிடையாது. உங்கள் 5 லட்சம் அவர்கள் லாபத்தில் ஏறிக்கொள்ளும். 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்த கம்பெனி என்றால் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து சுமார் 1.26 லட்சம் கூடுதல் வரி. அடுத்த வருடம் அது திரும்பி வந்துவிடும், ஆனால் இந்த வருடம் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். பர்ச்சேஸ் மேனேஜருக்கு இது தெரியாது, அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் ஆடிட்டருக்கு நன்றாகவே தெரியும்.

கெடு எவ்வளவு என்பது 2006-ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தில், 15-ம் பிரிவில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதில் போட்ட நாள், ஆனால் எப்படிப் போட்டாலும் 45 நாளைத் தாண்டாது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணிக்கை. பிப்ரவரி 14-க்குப் பிறகு ஏற்ற சரக்குக்கு 45 நாள் கெடு என்றால் அது ஏப்ரலுக்குப் போய்விடும். உங்கள் பில் எல்லாம் ஜனவரியோடு நிற்பதால் மொத்தமும் மார்ச்சுக்குள் மாட்டுகிறது.

வட்டியும் உண்டு. ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. 2025 டிசம்பரில் குறைத்த பிறகு வங்கி விகிதம் 5.5, அப்படியானால் 16.5 சதவீதம். 5.9 லட்சத்துக்கு மாதம் 8,000-க்கு மேல் வரும். அந்த வட்டியை அவர்கள் செலவாகவும் காட்ட முடியாது.

ஜிஎஸ்டி பக்கம் இன்னொரு பிடி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு 18 சதவீத வட்டி வேறு. செப்டம்பர் 25 பில்லுக்கு அந்த 180 மார்ச் 24-ல் முடிகிறது. நீங்கள் கட்டிய வரியை மட்டும் கட்டவில்லை என்று ஆக்க முடியாது, பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்டால் வரி. ஜிஎஸ்டியில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான், சரி, இரண்டு மூன்றில் ஒன்று.

எம்.சி. ரோடு துணிக்கடை:

எல்லாரும் வாங்குபவனை வில்லன் ஆக்குகிறீர்கள். எங்கள் லைனில் கடன் 60, 90 நாள் என்பது அப்பா காலத்திலிருந்து இருக்கிற பழக்கம். பொங்கலுக்கு எடுத்த சரக்கு விற்றுப் பணமாக எனக்கு மார்ச் ஆகும், நான் எங்கிருந்து 45 நாளில் கொடுப்பது? இந்தச் சட்டம் வந்த வருடம் மார்ச் மாதத்தில் வண்ணாரப்பேட்டையில் எத்தனை பேர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிறு உற்பத்தியாளரிடம் எடுக்கவே வேண்டாம், பெரிய மில்லிலோ சௌகார்பேட்டை மொத்த வியாபாரியிடமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் ஆடிட்டரே சொன்னார். நல்லது செய்யப் போய் யாருக்கு நஷ்டம்?

தண்டையார்பேட்டை கணக்கு:

அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். ஏற்கெனவே சரக்கு வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளை உத்யமில் சேர்த்தபோதே வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சௌகார்பேட்டையில் எடுப்பது உங்களைத் தொடாது. ஆனால் மில்காரர் விஷயத்தில் ஜாக்கிரதை. 2025 ஏப்ரல் 1-லிருந்து வரம்பை உயர்த்திவிட்டார்கள். முன்பு விற்றுமுதல் 50 கோடி தாண்டினால் நடுத்தரம், இந்த விதியில் வரமாட்டார். இப்போது 100 கோடி வரை (முதலீடு 25 கோடிக்குள்) சிறு நிறுவனம்தான். போன வருடம் ஆபத்தில்லை என்று வைத்திருந்த பட்டியலை அப்படியே நம்பாதீர்கள், ஒவ்வொருவரிடமும் புது உத்யம் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். நீங்கள் 44ஏடி-யில் உத்தேச வருமானம் (செலவுக் கணக்கு இல்லாமல் விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று) காட்டுபவர் என்றால் செலவு தள்ளுபடி என்ற பேச்சே வராது, நிம்மதியாக இருக்கலாம். எம்எஸ்எம்இ சட்டத்து வட்டி மட்டும் அப்போதும் உண்டு.

திருவொற்றியூர் ஃபேப்ரிகேஷன்:

பட்டறைக்கார அண்ணனுக்கு: சட்டம் எல்லாம் சரி, உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாங்கள் ஒரு கம்பெனி மேல் சமாதான் போர்ட்டலில் (பாக்கி வராத குறு, சிறு நிறுவனங்கள் புகார் போடும் அரசுத் தளம்) போட்டோம். நோட்டீஸ் போனதும் அவர்களிடமிருந்து வந்த முதல் பதில் 'சரக்கு ரிஜெக்ட்'. அதுவரை ஒரு வார்த்தை ரிஜெக்ட் என்று சொன்னதில்லை, நம்ம பீஸை மாட்டி மெஷினை விற்றும்விட்டார்கள். எங்களைக் காப்பாற்றியது டெலிவரி சலான்தான். ஸ்டோர்ஸில் தேதி போட்டு, சீல் வைத்து, கையெழுத்து வாங்கியிருந்தோம். டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி கையெழுத்தை நம்பாதீர்கள், 'உள்ளே வந்தது' என்று மட்டும்தான் அதற்கு மதிப்பு என்று வாதாடுவார்கள். வேலை அவசரத்தில் நம்ம பசங்க சலானை டெம்போ டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், நகல் திரும்பி வராது, யாரும் கேட்கவும் மாட்டோம். பணம் போவது அங்கேதான்.

கடைசியில் எங்களுக்கு அசல் முழுசும், வட்டியில் ஒரு பகுதியும் சமரசப் பேச்சிலேயே முடிந்தது. அவர்கள் இறங்கி வந்ததற்குக் காரணம், தீர்ப்பு எதிராக வந்தால் கோர்ட்டுக்குப் போகவே 75 சதவீதம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். புகாரை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அதை நம்பி யாருக்கும் தேதி சொல்லிவிடாதீர்கள்.

வியாசர்பாடி பட்டறை:

எல்லாருக்கும் நன்றி. சலான் நகல் தேடினேன், நவம்பர் தவிர மற்றதெல்லாம் ஸ்டோர்ஸ் சீலோடு இருக்கிறது. இரண்டு விஷயம். அவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று போட்டிருக்கிறது, நானும் கையெழுத்து போட்டிருக்கிறேன். அப்புறம் நேற்று அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு பையன் போன் செய்து, 'உத்யமை கேன்சல் செய்து லெட்டர் கொடுங்கள், இந்த வாரமே பேமெண்ட் போடுகிறோம்' என்கிறான். பணம் வந்தால் போதும் என்று தோன்றுகிறது.

தண்டையார்பேட்டை கணக்கு:

கேன்சல் செய்யாதீர்கள் சார். அந்தப் போன் எதற்கு வந்தது தெரியுமா, அவர்கள் ஆடிட்டர் பட்டியல் எடுத்துவிட்டார். பணம் தர வழி இருக்கும்போதுதான் 'இந்த வாரமே' என்று வாயில் வரும். பதிவை எடுத்துவிட்டால் நாளைக்கு வரும் பில்லுக்குப் பாதுகாப்பு போய்விடும், அடமானம் இல்லாத வங்கிக் கடனுக்கும் அந்த நம்பர் வேண்டும். மறுபடி பதிவு செய்து, இடையில் பதிவில்லாமல் செய்த சப்ளைக்குக் கேட்கவும் முடியாது, சப்ளை செய்த நாளில் பதிவு இருந்திருக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

90 நாள் கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 45-க்கு மேல் போட்டது எடுபடாது. 45 என்று வைத்துத்தான் எண்ணுவார்கள்.

இன்று செய்ய வேண்டியது ஒரே ஒரு மெயில். பில் நம்பர், தேதி, சலான் தேதி, தொகை, எந்த நாள் கெடு முடிந்தது, கீழே உத்யம் சான்றிதழ். 'ஆண்டு இறுதிக் கணக்குக்காகப் பாக்கியை உறுதி செய்து அனுப்பவும்' என்று பணிவாகவே எழுதுங்கள், சண்டை தொனி வேண்டாம். அக்கவுண்ட்ஸ் ஹெட், கம்பெனி செக்ரட்டரி இரண்டு பேருக்கும் போகட்டும். 45 நாள் தாண்டிய குறு, சிறு பாக்கியைக் கம்பெனிகள் அரையாண்டுக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ படிவம் 1-ல் காட்ட வேண்டும், அடுத்தது ஏப்ரல் 30-க்குள், அது செக்ரட்டரிக்குத்தான் உறைக்கும். ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் பில்லை அவர்கள் ஐஎம்எஸ்-ல் (வாங்குபவர் பில்லை ஏற்கவோ நிராகரிக்கவோ செய்யும் பகுதி) நிராகரித்திருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள். கிரெடிட் எடுத்துக்கொண்டு சரக்கு சரியில்லை என்று பேசினால் பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருடப் புது வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண் மாறும், இந்த விதி போகவில்லை. யாராவது 'பழைய சட்டம் முடிந்தது' என்று கதை விட்டால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

எம்.சி. ரோடு துணிக்கடை:

250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனி என்றால் ட்ரெட்ஸில் (சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்பணம் தரும் இணையதளம்) சேர்ந்திருக்க வேண்டும். பில்லை அங்கே ஏற்றினால் வங்கி உடனே பணம் தரும் என்று என் மச்சான் சொல்கிறான், கேட்டுப் பாருங்களேன்.

தண்டையார்பேட்டை கணக்கு:

சேர்வது கட்டாயம்தான் அண்ணே, ஆனால் பில்லை அவர்கள் அங்கே ஒப்புக்கொண்டால்தான் பணம். ஒப்புக்கொள்கிற கம்பெனி என்றால் இந்தத் திரியே வந்திருக்காது. மெயிலில் ஒரு வரி சேர்த்துக் கேட்பதில் தப்பில்லை.

திருவொற்றியூர் ஃபேப்ரிகேஷன்:

ஆர்டர் நின்றுவிட்டால் இங்கேயே சொல்லுங்கள் அண்ணா. எங்களுக்கு மில்லிங் வேலை வெளியேதான் போகிறது, ஃபிளேஞ்ச் சைஸ் பெரிது, உங்கள் மெஷின் பெட் எவ்வளவு நீளம் என்று போடுங்கள். பணம் 30 நாள்.